கொழும்புக்குப் போன இருபத்துநான்கு போத்தல்கள்

ஒரு சோடிச் சப்பாத்தை எடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஹட்டனில் கணினி டிப்ளோமா முடித்திருந்தேன். நேர்முகப் பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு கறுப்புச் சப்பாத்தைப் போனில் ஓடர் பண்ணியிருந்தேன். கூரியர் வேன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறாது. "ரோடு சரியில்ல தங்கச்சி, டவுனுக்கு வந்துருங்க" என்பார் சாரதி. தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நிற்க, சுற்றி நாங்கள் ஒரு பதினைந்து பேர் நிற்போம். போன் கவர், ஷாம்பு, ரைஸ் குக்கர், யாரோ ஒருவர் வீட்டுக்குத் திரைச்சீலை. கொழும்பிலிருந்து இவ்வளவும் மலையேறி வந்திருக்கும்.

அன்று என் பெட்டிதான் கடைசி. அதை அவர் எடுத்துக் கொடுத்ததும் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு மேலதிக டயரைத் தவிர ஒன்றுமில்லை.

"அண்ணே, திரும்பிப் போறப்ப என்னா ஏத்திட்டுப் போவீங்க?"

"என்னத்த ஏத்துறது? இங்கயிருந்து யாரு என்னா அனுப்புறாங்க?" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி எனக்குச் சப்பாத்தை விடப் பிடித்துப்போனது. பஸ்ஸில் வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்தேன். ஏறி வருகிற பாதை இறங்கவும்தானே செய்யும்? இங்கிருந்து அனுப்ப ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? அக்காவின் மரத்தக்காளிச் சட்னி இருக்கிறதே!

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் எங்கள் மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் நாலு மரத்தக்காளி மரம் நிற்கிறது. முட்டை வடிவில் சிவந்து தொங்கும் பழம், வாயில் வைத்தால் புளிப்பு கண்ணைச் சுருக்கும். அதை அக்கா தோலுரித்து, இஞ்சி, கொச்சிக்காய், வினாகிரி, சீனி போட்டு அரை நாள் காய்ச்சுவாள். லயத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் ஒரு சட்டி கேட்டு வருவார்கள். நுவரெலியா பக்கம் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிறார்களே, அந்தச் சட்னியெல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

சட்னி எனக்கு விளையாட்டு இல்லை. அந்த வாரம்தான் அக்கா தன் பாஸ்போட் படத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் வெளிநாட்டு ஏஜென்சிக்காரனிடம் கொடுத்திருந்தாள். குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருஷம். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் அவளும் ஆறு வயது மகளும் இழுபட்டுக்கொண்டிருந்தார்கள். மகளை அம்மா பார்த்துக்கொள்வார் என்று முடிவாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அக்காவைப் போகவிடக் கூடாது என்பதற்கு என் கையில் அழுகையைத் தவிர வேறு எதுவும் அதுவரை இருக்கவில்லை.

அன்று பின்னேரமே அடுப்படியில் வைத்துச் சொன்னேன்.

"அக்கா, நீ போகவேணாம்."

"ஏன், நீ சோறு போடப் போறியா?"

"உன் சட்னி போடும்."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "சட்னிய தொட்டுக்கறதுக்குத்தான் சோறு தேடுவாங்க. இவ சட்னியே சோறு போடும்ங்கிறா. படிச்ச புள்ள!"

அக்கா சிரிக்கவில்லை. நான் வேனைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மெடிக்கல், விசா எல்லாம் முடிய எப்படியும் மூணு மாசம் ஆகும்னான். அந்த மூணு மாசத்த உனக்குத் தாறேன். அவன் கோல் எடுத்தாலும் பேச மாட்டேன். உன் போத்தல் ஓடிருச்சுன்னா நான் இங்கனயே கெடக்குறேன். ஓடலன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரி."

அந்த "சரி"யை அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாளே பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தேன். சட்னிக்கு ஒரு பெயர் வைத்தேன். படம் எடுத்தேன், எழுத்து வடிவமைத்தேன், ஸ்டிக்கர் அடித்தேன். ஒரு கொப்பியில் அனுப்பும் வழிகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். இரண்டு கிழமை நான் வேறு ஒன்றையும் நினைக்கவில்லை.

கூரியர்தான் முதல். ஆறு போத்தலை ஒரு பெரிய பெட்டியில் வைத்து, உடையாமலிருக்கப் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனேன். கணக்கப்பிள்ளை தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, இந்தக் கொழுந்து கிணுகிணுங்குது?" என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நிறையைக் குறித்துக்கொண்டு டவுனுக்குப் போனால், கூரியர் கடைப் பையன் தராசைத் தொடவே இல்லை. அளவு நாடாவை எடுத்து நீளம், அகலம், உயரம் பார்த்தான். பெருக்கினான், வகுத்தான். நான் குறித்துக்கொண்டு போன நிறையின் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. பெட்டி பெரிதாக இருந்தால் நிறையைப் பார்க்க மாட்டார்கள், அது வேனில் பிடிக்கும் இடத்துக்குத்தான் விலையாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்காவால் நம்ப முடியவில்லை.

"காத்தையுமாடி நிறுக்குறாங்க?"

"ஆமா."

"மடுவத்துல சாக்குக்குக் கழிக்கிறாங்க, ஈரத்துக்குக் கழிக்கிறாங்க. எறக்கி விடுறப்ப மட்டும் காத்துக்குக் கூட்டுறாங்களா? நல்ல நாயம்."

அதிலிருந்து பெட்டியைப் போத்தலுக்கு ஏற்றபடி சிறிதாக வெட்டிக்கொண்டோம். தபால் கந்தோரில் வேலை செய்யும் ஒரு அம்மா நல்ல மாதிரி. "கண்ணாடியா மகள்? நல்லாச் சுத்திக் கட்டணும், உடைஞ்சா அழக் கூடாது" என்று சொல்லி, எவ்வளவு நிறை வரை எடுப்பார்கள் என்று எழுதியே கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம், ஆனால் அந்தப் பக்கம் ஒருவர் பஸ் வரும்வரை ஸ்டாண்டில் காத்து நிற்க வேண்டும். கரட்டும் லீக்ஸும் ஏற்றும் மரக்கறி லொறி மொத்தமாக எடுக்கும், ஆனால் கொழும்புச் சந்தையில் இறக்கிவிட்டு அதோடு சரி.

ரயில் இருந்தது. பார்சலாகக் கொடுக்கலாம். பாரமான பெட்டிக்கு எல்லாவற்றிலும் மலிவு. பஸ்ஸைப் போல வளைவுக்கு வளைவு தூக்கி அடிக்காது. கொப்பியில் ரயிலைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டேன்.

ஆறாவது கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெண் எழுதினார். சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பேஸ்புக் பக்கத்தில் போட்ட படத்தைப் பார்த்திருக்கிறார். இருபத்துநான்கு போத்தல் அனுப்பச் சொன்னார். கிறிஸ்மஸ் வியாபாரத்துக்குத் தட்டில் வைத்துப் பார்க்கிறேன், போனால் மாதா மாதம் எடுக்கிறேன் என்றார். மாதா மாதம்! அந்தச் சொல்லை அக்காவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சினோம். போத்தல்களைச் சுற்றுவதற்கு அக்கா ஒன்று செய்தாள். கொழுந்து எடுக்கும்போது செடி உடம்பைக் கிழிக்காமல் இடுப்பில் கட்டுகிற தடித்த படங்கு ஒன்று அவளிடம் பழையதாக இருந்தது. அதைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு போத்தலுக்கும் ஒன்றாகச் சுற்றினாள்.

"ஏன்க்கா அத வெட்டுன?"

"இனிமே எதுக்கு அது?" என்றாள். வெட்கத்தோடு சொன்னாள். அவள் நம்பத் தொடங்கியிருந்தாள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது.

ஸ்டேஷனில் ஒரு படிவம் தந்தார்கள். பெறுநர் பெயரை எழுதினேன். அனுப்புநர் கோட்டுக்கு வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கென்று தனி விலாசம் கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வரும். அங்கே கிளார்க் ஐயா பெயரைப் பார்த்து எந்த டிவிஷன் என்று பிரித்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கொடுத்துவிடுவார். கங்காணி சத்தம் போட்டு வாசிப்பார். அதனால் நாங்கள் யாரும் எங்கள் பெயரை மட்டும் எழுதுவதில்லை. குடும்பத் தலைவர் பெயரைச் சேர்த்துத்தான் எழுதுவோம், அதுதான் ஒபீசுக்குத் தெரிந்த பெயர். அப்பா இறந்து ஆறு வருஷம். இன்றைக்கும் என் பரீட்சை அட்டையும், அக்கா மகளின் கிளினிக் காகிதமும் அப்பா பெயரில்தான் வருகின்றன. பெரட்டில் அப்பாவைக் கூப்பிடுவார்கள், அம்மா போய் வாங்கிக்கொள்வார்.

அக்கா என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பேரப் போடுடி."

"அக்கா, இது பிசினஸ். பிசினஸ்ல யாராவது அப்பா பேரு போடுவாங்களா? செத்துப்போன ஆளு பேருல சட்னி அனுப்புறதா?"

"என்னமோ. ஒபீசுல தெரிஞ்ச பேரு."

"நமக்கு வரப்போறது காசு, கடிதாசி இல்ல." சட்னிக்கு நான் வைத்திருந்த பெயரை அழகான எழுத்தில் எழுதினேன். கீழே தோட்டத்தின் பெயர். அக்காவின் போன் நம்பர். ஒரு ரசீதுத் துண்டு தந்தார்கள். அதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் பைலில் வைத்தேன். எங்கள் முதல் ஆவணம்! கடைக்கார அக்காவுக்கு 'ரயில்ல போட்டாச்சு, வந்துரும்' என்று செய்தி அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து அவர் கேட்டார், இன்னும் வரவில்லையே என்று. அப்போது பெரிய மழை. பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் ரயில் ஓடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மழைதான் காரணம் என்று எழுதினேன். ஒரு கிழமை கழித்து மறுபடி கேட்டார். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். "எங்க பெட்டி போயிருச்சுங்களா?" என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அன்றைக்கே போய்விட்டது என்றார்கள். அதோடு திரும்பி வந்துவிட்டேன். போனதா என்று மட்டும் கேட்டேன். போன பிறகு என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. வேன்காரர் கதவைத் திறந்து பெயர் கூப்பிடுவது போல, கொழும்பில் யாரோ ஒருவர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைவாசலுக்குப் போவார் என்றே நினைத்திருந்தேன்.

மூன்றாவது செய்தியில் அவர் கோபிக்கவில்லை. வேறு இடத்தில் எடுத்துவிட்டேன், நீங்கள் யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். உடைந்துவிட்டது அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் முடிவுகட்டினோம். மூன்று மாதம் முடிந்தது.  ஏஜென்சிக்காரனுக்கு அக்காவே கோல் எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, அப்படித்தான் பேச்சு.

பயணத்துக்கு வேண்டிய ஒரு கடிதத்துக்காக அவள் தோட்டத்து ஒபீசுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இரண்டு கடிதம் இருந்தது. ஒன்றை என்னிடம் நீட்டினாள். கொழும்பு ஸ்டேஷன் பார்சல் பகுதியிலிருந்து வந்தது. பெட்டி வந்திருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, என்ன செய்வது என்று அறிவிக்கவும். தேதியைப் பார்த்தேன். போத்தல் அனுப்பி இரண்டாவது கிழமை. கிறிஸ்மஸ் வர இன்னும் நாள் இருந்த நேரம்.

"கிளார்க் ஐயா கேட்டாரு, இந்தப் பேருல நம்ம தோட்டத்துல யாரும்மா இருக்காங்கன்னு. சம்பளப் பட்டியல்ல தேடியிருக்காரு. எல்லா டிவிஷன்லயும் கேட்டாராம். கடைசியில பலகையில குத்தி வெச்சிட்டாரு." அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "கோலும் வந்துச்சுடி. ரெண்டு தடவ, கொழும்பு நம்பர். ஏஜென்சிக்காரன்னு நெனச்சு நான் எடுக்கல. பேச மாட்டேன்னு உனக்குச் சொல்லியிருந்தேன்ல."

எனக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அவள் அந்த அழைப்பை எடுக்காமல் இருந்திருக்கிறாள். இதை நான் யாரிடமும் சொல்லி அழ முடியாது. அம்மா மட்டும் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு பேரு இருந்திருந்தா எங்கிட்ட குடுத்திருப்பாங்க" என்றார்.

"இப்பவாச்சும் நிறுத்தலாம்க்கா" என்றேன்.

"டிக்கட் போட்டாச்சு. இப்ப நின்னா அவன் செலவு செஞ்சத நான் கட்டணும். விடு." என் தலையில் கை வைத்தாள். "நீ முட்டாள் இல்லடி. அவசரக்காரி."

தை மாதம் அவளை வழியனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானும் அவள் மகளும் போனோம். உள்ளே போகும்போது அவள் மகளுக்கு மட்டும் முத்தம் கொடுத்தாள், எனக்குக் கொடுத்தால் அழுதுவிடுவாள் என்று. அம்மாவின் தங்கை மகள் வத்தளையில் இருக்கிறாள். சின்னவளை அவளிடம் விட்டுவிட்டு மறுநாள் காலை நான் தனியாகக் கொழும்பு ஸ்டேஷனுக்குப் போனேன்.

பார்சல் பகுதியில் இருந்தவர் சிங்களத்தில் பேசினார், எனக்குச் சிங்களம் வரும். என் பைலில் இருந்த துண்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பும் கவலையும் ஒன்றாக வந்தன. "நங்கி, இதை ஏன் நீங்க வெச்சிருக்கீங்க? இதைப் பெட்டி எடுக்கிறவங்களுக்குத்தானே அனுப்பணும்? ரயில் ஸ்டேஷன்ல இருந்து ஸ்டேஷனுக்குத்தான். வீட்டுக்கு யார் கொண்டுபோவாங்க?" அவர் திட்டவில்லை. ஒரு தங்கச்சிக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். வைத்திருந்த நாட்களுக்கு உரிய கூலியைக் கட்டினேன். உள்ளேயிருந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மேடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து திறந்தேன். படங்குத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். இருபத்துநான்கு. ஒன்றுகூட உடையவில்லை, ஒரு கீறல் இல்லை, மூடியில் கசிவு இல்லை. ஒன்றாவது உடைந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஒன்று உடைந்திருந்தால் ரயிலைத் திட்டியிருக்கலாம். அக்கா கட்டியது அப்படியே இருந்தது. போத்தல்கள் நல்லபடியாகக் கொழும்புக்கு வந்து, ஆள் வரும் என்று இவ்வளவு நாளும் காத்திருந்திருக்கின்றன. அந்த நேரம் அவள் எந்த வீட்டின் சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்தாளோ, தெரியாது.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை. பஸ் பிடித்து அந்தக் கடைக்கே போனேன். கடைக்கார அக்கா என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டார். ஒரு போத்தலைத் திறந்து கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். கண்ணைச் சுருக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. உங்க கைப்பக்குவமா?"

"எங்க அக்காவோடது. நேத்துத்தான் குவைத்துக்குப் போனாங்க."

 இருபத்துநான்கையும் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, ருசி எனக்குப் பிரச்சினையில்ல. எத்தனை நாள்ல வரும், யார் கொண்டு வருவா, நான் எங்க போய் நிக்கணும். இந்த மூணும் முதல்லயே தெரிஞ்சா மாசா மாசம் எடுப்பேன். தெரியாம எப்படித் தட்டைக் காலியா வெச்சிருக்கிறது?"

நான் கொப்பியில் எழுதிவைத்த விலைகள் எதிலும் அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. விலையைத்தான் பார்த்திருக்கிறேன். யார் கையிலிருந்து யார் கைக்கு என்று பார்க்கவில்லை. ரயிலைச் சுற்றிப் போட்ட வட்டத்தை அழிக்கவில்லை, பக்கத்தில் 'துண்டை அனுப்பு, போய் எடுக்கச் சொல்லு' என்று எழுதினேன். அனுப்புநர் இடத்துக்கு அப்பாவின் பெயரை எழுதினேன். கிளார்க் ஐயாவிடமும் போய்ச் சட்னிப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். "முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமேம்மா" என்றார். 

இப்போது காய்ச்சுவது நான். முதல் சட்டி கசந்தது, இரண்டாவது தண்ணியாகிப் போனது. அக்காவுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் போன் தருவார்கள். மேட்டு ரோட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் அவள் மகளும் நானும் நிற்போம். முதலில் மகள் பேசுவாள். பல் விழுந்தது, பாடசாலையில் வெள்ளைச் சட்டை கேட்கிறார்கள், எப்போது வருவாய். அது முடிந்து போன் என் கைக்கு வரும். உடனே அக்கா வினாகிரிக்கு மாறிவிடுவாள்.

"கடைசியிலதான்டி ஊத்தணும். முன்னக்கூட்டியே ஊத்துனா கசக்கும். கொதி அடங்கட்டும்."

"எத்தன கரண்டிக்கா?"

"கரண்டியா? கண்ணால பாக்கணும். சரி, அஞ்சுன்னு வெச்சுக்க."

போன கிழமை காய்ச்சிய சட்டியை அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கிட்ட வந்துட்ட" என்றார். அவள் செய்தது போல் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். இருந்தாலும் அனுப்பலாம்.

அக்காவின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அவள் திரும்பி வரும்போது மறுபடி ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கத் தேவையில்லாதபடி ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நாள் காணுமா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மூன்று பெட்டி அனுப்பப் போகிறேன். ஒவ்வொன்றிலும் ஆறு போத்தல். ஒன்று தபாலில், ஒன்று கூரியரில், ஒன்று மரக்கறி லொறியில். மூன்றும் ஒரே நாள், ஒரே கடைக்கு. கடைக்கார அக்கா எது எப்போது வந்தது, எப்படி இருந்தது என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லொறிக்காரர் சந்தையில் யாரிடம் இறக்குவார் என்று நாளைக்குப் போய் அவரிடம் நேரில் கேட்க வேண்டும். வெறும் போத்தல் பதினாறுதான் சேர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு தேட வேண்டும்.